மெத்தைக் கடை வாசலில் சாணைக்கல்

என் மூத்த மருமகளுக்குப் பொறுமை உண்டு, மன்னிப்புக் கிடையாது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து அவளை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டவள் நான். நினைத்தது தப்பு. ஆனால் நஷ்டம் இல்லை.

அவள் வந்த புதிதில் என் தங்கை ஒருமுறை, இவள் போட்ட டீயைக் கழுநீர் என்று சொல்லிவிட்டாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அதன் பிறகு என் தங்கை எப்போது வந்தாலும் இவள் சிரித்த முகத்தோடு ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து வைப்பாள். டீ இல்லையா என்று கேட்டால், "உங்களுக்குத்தான் பிடிக்காதே சித்தி" என்பாள். இன்றைக்கும் வெந்நீர்தான். என் தங்கைக்குப் பேரன் பிறந்துவிட்டான், டீ வரவில்லை.

தெருவில் அவளைச் சாணைக்காரி என்பார்கள். கத்தி, கத்தரிக்கோல், எது மொண்ணையாகிப் போனாலும் அவளிடம்தான் வரும். முதலில் கத்தரிக்கோல் செய்கிற தொழிற்சாலையில் இருந்தாள். இரும்பைக் கல்லில் கொடுத்து விளிம்பு எடுக்கிற வேலை. ஒரு நாள் கம்பெனியை மூடினார்கள். மற்றவர்கள் கேட்டில் நின்று கோஷம் போட்டுக்கொண்டிருக்க, இவள் பின்பக்கமாகப் போய் ஒரு சாணைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"திருட்டுப் பொருளை ஏன்டி வீட்டுக்குள்ள கொண்டுவர்றே?" என்று கேட்டேன்.

"எனக்கு அவங்க தர வேண்டியதுல இது பாதிகூட இல்லை அத்தை. மீதியை அவங்களே வச்சுக்கட்டும்" என்றாள்.

அந்தக் கல்லை என் மகனுடைய பழைய சைக்கிளில் பொருத்தினாள். ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவில் கல், பின் சக்கரத்திலிருந்து கல்லுக்கு ஒரு பெல்ட். ஓட்டிப் போகும்போது பெல்ட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்வாள். வேலை செய்கிற இடம் வந்ததும் ஸ்டாண்டைப் போட்டு, பின் சக்கரம் தரையில் படாதபடி தூக்கி நிறுத்தி, பெல்ட்டை மாட்டி, அதே சீட்டில் உட்கார்ந்து மிதிப்பாள். சைக்கிள் ஓடாது, கல் ஓடும். அப்போது வருகிற சத்தம் இருக்கிறதே, பல் கூசும், காது குடையும், தொட்டிலில் தூங்குகிற பிள்ளை காலை உதைத்துக்கொண்டு எழுந்துவிடும். எனக்குப் பழகிவிட்டது. சோறு போடுகிற சத்தம் எப்படிக் கசக்கும்?

கறிக்கடை, சலூன், தையல் கடை எல்லாம் அவளுடைய இடங்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய இடம் பள்ளிக்கூடத்துக் கேன்டீன். அத்தனை பிள்ளைகளுக்கு நறுக்குகிற கத்திகள், மழுங்கிக்கொண்டேதான் இருக்கும்.

அப்படி இருக்கும்போது கடைத்தெருவில் மெத்தைக் கடை வந்தது. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, வரிசையாகக் கட்டில்கள். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துப் பார்க்கலாம். மெத்தைக்காரர் தலைமாட்டில் நின்றுகொண்டு, "கண்ணை மூடுங்க. எதையும் நினைக்காதீங்க. உடம்பைக் கீழ விட்டுடுங்க" என்று தாலாட்டுப் பாடாத குறையாகப் பேசுவார். அவர்கள் உடம்பைக் கீழே விடுகிற நேரம் பார்த்துப் பக்கத்துச் சந்து முனையில் இவள் கல்லைச் சுற்றுவாள்.

அவர் வந்து சொன்னார். இவள் சந்துக்குள் தள்ளிப் போனாள். அப்புறமும் கேட்கிறது என்றார். இன்னும் தள்ளிப் போனாள். மூன்றாவது தடவையும் வந்தார்.

"இதுக்கு மேல சுவருதான் அண்ணா. சுவத்துக்குள்ள போய் உக்காரவா?" என்று இவள் கேட்டாள்.

சந்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

சில நாள் கழித்து, ஒரு காலை வேளையில், கடை வாசலில் ஒரு பெரிய மெத்தையை நிமிர்த்தி வைத்திருந்தார். மேலிருந்து கீழ்வரை கிழிந்து, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

"நல்லாப் பாருங்க. ஓரமாப் போய் உக்காரும்மான்னு சொன்னதுக்குக் கிடைச்ச பரிசு. கையில கத்தி வச்சிருக்கிறவ வேற என்ன செய்வா?"

இவள் சலூனிலிருந்து விஷயம் கேட்டு ஓடி வந்தாள். நான் இல்லை என்றாள். "பின்னே மெத்தை தானாக் கிழிச்சுக்கிச்சா?" என்றார். கூட்டம் சிரித்தது. சந்தில் இவள் பக்கம் நின்று சிரித்த அதே வாய்கள்தான்.

அந்தக் கூட்டத்தில் பள்ளிக்கூடக் கேன்டீனைப் பார்த்துக்கொள்கிற அம்மாவும் நின்றிருந்தாள். நல்ல பழக்கம். வீட்டு விசேஷம் என்றால் எங்களைக் கூப்பிடுகிறவள். மறுநாள் இவள் பள்ளிக்கூடக் கேட்டுக்குள் போகும்போது அவளே குறுக்கே வந்தாள்.

"கொஞ்ச நாளைக்கு உள்ள வராதேம்மா. பிள்ளைங்க இருக்கிற இடம்."

"நான் செய்யலைக்கா."

"செஞ்சேன்னு நானும் சொல்லலையே. எதுக்கு வம்பு?"

சலூன்காரர் கத்தரிக்கோலைக் கதவுக்கு வெளியே நீட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். தெருவில் பிள்ளைகள் 'கத்திக்காரி வர்றா' என்று ஓடி ஒளிந்தார்கள். ஒருத்தி தன் பிள்ளை சாப்பிட அடம்பிடித்தபோது, "சாப்பிடலைன்னா கத்திக்காரிகிட்ட பிடிச்சுக் கொடுத்திடுவேன்" என்றதை நான் என் காதால் கேட்டேன். நின்று அவளை ஒரு வாங்கு வாங்கிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் எத்தனை பேரை வாங்குவது?

உண்மை பிறகு வந்தது. மெத்தைக் கடையில் வேன் ஓட்டினவர் சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டார். அவர் என் மகனிடம் சொன்னார். ஷட்டரில் இருக்கிற கொக்கியில் மெத்தை மாட்டியிருந்தது தெரியாமல் முதலாளியும் அவருமாகச் சேர்ந்து இழுத்திருக்கிறார்கள். டர்ரென்று கிழிந்திருக்கிறது. "அட சனியனே" என்று முதலில் சொன்னது முதலாளிதானாம். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதை வாசல்ல வை" என்றாராம்.

தெரியாமல் பழி போட்டால் அது புத்திக் குறைவு. தெரிந்தே போட்டால் அதற்கு என்ன பேர் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மருமகள் கடைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"கொக்கி கிழிச்சதுன்னு தெரிஞ்சுபோச்சு அண்ணா. காசு பணம் வேண்டாம். அன்னைக்குக் கேட்டவங்க முன்னால, நான் கிழிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. போதும்."

"பழைய கதையை எதுக்கும்மா கிளறிக்கிட்டு? சொல்லலைன்னா என்ன செய்வே, குத்திடுவியா?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நிதானமாகச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "அத்தை, அவர் வாயால போட்டதை அவர் வாயாலயே எடுக்க வைக்கிறேன்" என்றாள். கடைக்குப் போய் உப்பு வாங்கி வருகிறேன் என்பது போலச் சொன்னாள்.

என் மகன் பசுமாடு. முட்டவும் தெரியாது, மிரளவும் தெரியாது. "விட்டுத் தொலையேன். ஊர் வாயை மூட முடியுமா?" என்றான்.

"ஊர் வாய் எனக்கு வேண்டாம். ஒரு வாய் போதும்."

"நீங்களாவது சொல்லுங்கம்மா" என்று என்னைப் பார்த்தான்.

"நீ சாப்பிடு" என்றேன்.

அந்த நேரத்தில்தான் சைக்கிள் பாதை விவகாரம் கிளம்பியது. கடைத்தெருவின் கோடியில் பள்ளிக்கூடம். பிள்ளைகள் வேனுக்கும் காருக்கும் நடுவில் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி சைக்கிளில் நுழைந்து போவார்கள். விழாத வாரம் கிடையாது. அதனால் தெருவின் ஒரு ஓரத்தை சைக்கிளுக்கென்று ஒதுக்குவது என்று நகராட்சியில் முடிவு செய்தார்கள். தெரு இரண்டாகப் பிளந்துவிட்டது. நூலகத்து மாடியில் கூட்டம் போட்டார்கள். நகராட்சித் தலைவி நடுவில் உட்கார்ந்தார். நானும் மருமகளும் கடைசி வரிசையில்.

மருந்துக் கடை அம்மா முதலில் எழுந்தாள். "கையைக் காலை உடைச்சுக்கிட்டு எல்லாப் பிள்ளையும் என் கடைக்குத்தான் வருது. எனக்கு வியாபாரம்தான். இருந்தாலும் சொல்றேன், பாதை வேணும்."

மெத்தைக்காரர் குதித்தார். கடைக்காரர்கள் பாதிப் பேர் அவர் பக்கம். "மெத்தையை சைக்கிள் கேரியர்ல கட்டியா கொண்டுபோறது? என் வேன் எங்க நிக்கும்? என் தலையிலயா?"

"வச்சுப் பாருங்க, மெத்துன்னு இருக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

நெடுநேரம் கத்தினார்கள். தலைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மழைக்காலம் முடியும்வரை போட்டுப் பார்ப்போம், பிறகு இதே இடத்தில் கூடிப் பேசுவோம் என்று முடித்தார். மெத்தைக்காரர் முகம் சுருங்கிப் போனது. ஆனால் கெட்டிக்காரர். தோற்ற இடத்திலேயே தேனைத் தடவிக்கொண்டு பேசினார்.

"சரிங்கம்மா, பிள்ளைங்களுக்காக ஒத்துக்கிறேன். ஆனா சைக்கிள்ல வர்றவங்களும் கடைக்கு வரணும் இல்லையா? பாதையை ஒட்டி அவங்க வண்டி நிறுத்த ஒரு இடம் விடுங்க. என் கடை வாசல்லயே விடலாம். கொஞ்சம் அகலமா."

எவ்வளவு அகலம் என்று கையை விரித்துக் காட்டினார். வேன் அகலம். அங்கே இருந்தவர்களுக்கு எல்லாம் புரிந்தது. சலசலப்பு எழுந்தது. அப்போது என் மருமகள் எழுந்து நின்றாள்.

"அண்ணா சொல்றது நியாயம்" என்றாள்.

நான் அவள் தொடையில் கிள்ளினேன். அவள் அசையவில்லை.

"அகலமாவே விடுங்க. ஆனா சைக்கிள் மட்டும்தான் நிக்கணும்னு எழுதிப் போட்டுடுங்க. இல்லைன்னா யாராவது பெரிய வண்டியைக் கொண்டுவந்து சொருகிடுவாங்க. கஷ்டம் அண்ணாவுக்குத்தான்."

மெத்தைக்காரர் விரித்த கையை மடக்கிக்கொண்டார். இல்லை என்று எப்படிச் சொல்வார்? "ஆமா, ஆமா" என்றார்.

"எவ்வளவு நேரம் நிறுத்தலாம்னு ஒரு கணக்கு வைக்கலாமா?" என்று தலைவி கேட்டார்.

தன் வேனை நினைத்துக்கொண்டு அவர் அவசரமாகச் சொன்னார்: "நேரமெல்லாம் வேண்டாம்மா. கடைக்கு வர்றவங்களை விரட்டுற மாதிரி ஆயிடும்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை மூன்று தடவை கத்தியது.

திரும்பி வரும்போது நான் பொரிந்து தள்ளினேன். "பழி போட்டவனுக்கே வக்காலத்தா?"

"எனக்குத்தான் இடம் கேட்டேன் அத்தை. அவர் கையாலயே அளந்து கொடுத்திட்டார்" என்றாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. தெருவில் நின்றபடியே சிரித்தேன், மூச்சு வாங்கும்வரை.

பாதை வந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தரையில் வெள்ளையாக சைக்கிள் படம் வரைந்திருந்தது எனக்கும் தெரிந்தது. மெத்தைக் கடை வாசலில் மட்டும் பாதை வயிறு தள்ளினது போல அகலமாகி, அங்கேயும் ஒரு சைக்கிள் படம்.

முதல் நாள் காலை மெத்தைக் கடை வேன் வந்தபோது, அந்த இடத்தில் என் மருமகள் ஸ்டாண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கறிக்கடைக் கத்திகளைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். நான் எதிரே மருந்துக் கடையில் ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் செருப்பைக் கழற்றுவது தெரிந்தது. படுத்தார்கள். மெத்தைக்காரர் குனிந்து ஏதோ சொன்னார். இரண்டு பேரும் கண்ணை மூடினார்கள்.

மருமகள் கத்தியைக் கல்லில் வைத்தாள்.

அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்த வேகத்தைப் பார்க்க வேண்டுமே. புருஷன் காதைப் பொத்திக்கொண்டு செருப்பைத் தேடினான். மெத்தைக்காரர் வெளியே வந்தார்.

"ஏம்மா, இது சைக்கிள் நிக்கிற இடம்."

"சைக்கிள்தான் நிக்குது அண்ணா."

"இது சைக்கிளா?"

"ரெண்டு சக்கரம் இருக்கு. பெடல் இருக்கு. பெல் இருக்கு." அடித்தும் காட்டினாள்.

அவர் நகராட்சியில் போய்ச் சொல்லி ஒரு அதிகாரியைக் கூட்டி வந்தார். அதிகாரி சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை எடுத்துக்கொண்டார்.

"இது ஓடுமாம்மா?"

மருமகள் பெல்ட்டைக் கழற்றித் தோளில் போட்டாள். ஸ்டாண்டை எடுத்தாள். பாதையோடு பள்ளிக்கூடம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனாள், திரும்பி வந்தாள், அதே இடத்தில் நிறுத்தினாள். வரும்போது இரண்டு பிள்ளைகளுக்கு பெல் அடித்து வழி வேறு விட்டாள்.

"சைக்கிள்தாங்க" என்றார் அதிகாரி.

"இவங்க இங்க உக்காந்து தொழில் பண்றாங்க."

"நீங்களும் அதைத்தானே பண்றீங்க? நேரக் கணக்கு வேண்டாம்னு நீங்கதான் கேட்டீங்களாம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தினமும் போனாள். வேலை இருந்தால் கத்தி தீட்டினாள். இல்லாவிட்டால் எங்கள் வீட்டுப் பழைய இரும்புப் பட்டையை வைத்துத் தேய்த்தாள். மழை வந்தால் பிளாஸ்டிக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வேன் சந்துக்குள் தூரத்தில் நின்றது. ஆட்கள் மெத்தைகளைத் தலையில் சுமந்து, அவளைத் தாண்டித்தான் கொண்டுபோனார்கள்.

அவர் கண்ணாடிக் கதவுக்குக் கனமான திரை போட்டார். சத்தம் திரையைக் கேட்டா வரும்? உள்ளே பாட்டு வைத்தார். பாட்டும் சாணையும் சேர்ந்து இன்னும் மோசமாகிவிட்டது என்று வேலையாட்களே சொன்னார்கள். ஒரு நாள் பணம் வைத்த கவரைக் கொண்டுவந்து சைக்கிள் கூடையில் போட்டார். மருமகள் அதைப் பிரிக்காமல் எடுத்துப் போய், கடைக்குள்ளே, கண் மூடிப் படுத்திருந்த ஒருவரின் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

பிறகு வீட்டுக்கே வந்துவிட்டார். சாயங்காலம். மருமகள் அடுப்பங்கரையில் இருந்தாள்.

"பெரியம்மா, நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார்.

"உக்காருங்க தம்பி" என்று எங்கள் மரப் பெஞ்சைக் காட்டினேன். "மெத்தை இல்லை. மன்னிச்சுக்கணும்."

உட்கார்ந்தார். பெஞ்சில் ஒரு ஆணி தூக்கியிருக்கும். எந்தப் பக்கம் என்று நான் சொல்லவில்லை.

"அன்னைக்குக் கோபத்துல ஏதோ பேசிட்டேன். இப்ப இங்கயே சொல்றேன், தப்புத்தான்."

உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "இங்க வேண்டாம். இங்க யாரும் என்னை அப்படி நினைக்கலை. மழை முடிஞ்சதும் நூலகத்து மாடியில கூட்டம் இருக்கு. அங்க சொல்லுங்க. சொன்ன மறுநாள் நான் அந்த இடத்துல இருக்க மாட்டேன்."

"அத்தனை பேர் முன்னால எப்படிம்மா?"

"அன்னைக்கு எப்படிச் சொன்னீங்களோ அப்படித்தான்."

அவர் எழுந்து போனார். என் மகன் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்து, "பாவம், முகமே செத்துப்போச்சு" என்றான்.

ஒன்று சொல்ல வேண்டும். கடைத்தெருவின் நடுவில் அவள் உட்கார்ந்த பிறகு வேலைக்குக் குறைவில்லை. சைக்கிளில் போகிறவர்கள் நின்று கொடுத்துவிட்டுப் போனார்கள். தையல் கடை, கறிக்கடை எல்லாம் எப்போதும் போலத்தான். அதனால் நானே ஒரு நாள், "இனி எதற்கு அவர் வாய்?" என்று கேட்டுவிட்டேன். அவள் மறுநாள் என்னைக் கூடவே கூட்டிப் போனாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். ஒரு தாய் சின்னப் பிள்ளையைச் சின்ன சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு பாதையில் வந்தாள். எங்களைக் கண்டதும் பாதையை விட்டு இறங்கி, கார் போகிற பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள். காரை விட இவளுக்குப் பயந்தாள்.

"பார்த்தீங்களா?" என்றாள் மருமகள். நான் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

மழை முடிந்தது. நூலகத்து மாடியில் முதல் கூட்டத்தை விட இரண்டு பங்கு ஆட்கள். பாதை இருக்கட்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். முன்பு எதிர்த்த கடைக்காரர்களும் சொன்னார்கள். கடைசியில் மெத்தைக்காரர் எழுந்தார். பாதை இருக்கட்டும், தன் வாசலில் இருக்கிற அகலமான இடத்தை மட்டும் எடுத்துவிட வேண்டும் என்றார்.

"அதைக் கேட்டு வாங்கினது யாரு?" என்றார் தலைவி.

ஹாலே சிரித்தது. சிரிப்பு அடங்கினதும் தலைவி சொன்னார்: "அங்க நிக்கிற ஒரே சைக்கிள் அந்த அம்மாவோடது. அவங்ககிட்ட கேளுங்க. நான் என்ன செய்யட்டும்?"

எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. மருமகள் எழுந்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். காத்திருந்தாள். காத்திருப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

மெத்தைக்காரர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். "அந்த மெத்தை விஷயத்துல எங்களுக்குள்ள ஒரு மனவருத்தம் ஆயிடுச்சு. அதைப் பெரிசு பண்ணாம..."

"மெத்தையைக் கிழிச்சது யாரு?" என்று கேட்டாள்.

"அது... கொக்கி."

"கொக்கி நடந்து வந்து கிழிச்சதா?"

யாரும் சிரிக்கவில்லை இந்தத் தடவை.

"இழுக்கும்போது மாட்டிக்கிச்சு."

"யாரு இழுத்தது?"

"நான்."

"பின்வரிசைக்குக் கேக்கலை அண்ணா. அன்னைக்குத் தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு."

"நான்தான் இழுத்தேன். நான்தான் கிழிச்சேன்."

"அது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவர் தலைவியைப் பார்த்தார். தலைவி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சன்னல் பக்கம் பார்த்தார், அங்கே மருந்துக் கடை அம்மா நின்றாள்.

"அன்னைக்கே தெரியும்" என்றார்.

மருமகள் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். நன்றி சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அவள் பக்கத்தில் இருந்த என் கையைப் பிடித்தாள். நான் என் ஆயுசில் இனிப்பு நிறையச் சாப்பிட்டிருக்கிறேன். 'அன்னைக்கே தெரியும்' என்று அந்த மனுஷர் சொன்னதைப் போல ஒன்றும் இனித்ததில்லை.

சொன்ன சொல் தவறாமல் மறுநாள் அந்த இடத்தைக் காலி செய்தாள். அங்கே இப்போது பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கதை பேசுகிறார்கள். மெத்தைக்காரருக்கு நிம்மதி. அவருக்கு நிம்மதி வந்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், மறைப்பானேன்.

இரண்டு நாள் கழித்துக் கேன்டீன் அம்மா வீட்டுக்கு வந்தாள். கத்திகளைத் துணியில் சுற்றி, பெரிய மூட்டையாகக் கொண்டுவந்திருந்தாள்.

"எல்லாம் மொண்ணையாக் கிடக்கும்மா. நசுக்குதே தவிர நறுக்க மாட்டேங்குது. சாணை பிடிச்சுக் கொடு. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்" என்றாள்.

"இங்க பிடிக்க மாட்டேன்" என்றாள் மருமகள்.

"ஏம்மா?"

"உங்க கேட்டுக்குள்ள வந்து, பிள்ளைங்க சாப்பிட வர்ற இடத்துல உக்காந்து பிடிக்கிறேன். பிள்ளைங்க பார்க்கணும்."

"அவர்தான் பொய் சொல்லிட்டாரே. எனக்கு எப்படித் தெரியும்?"

"அவர் சொன்னார். நீங்க நம்பினீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்கா."

கேன்டீன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். மூட்டையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

மறுநாள் மருமகள் சைக்கிள் பாதையின் நடுவில் அவசரமில்லாமல் ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நான் ஓரமாக நடந்து போனேன். கேட்டைக் கேன்டீன் அம்மாவே திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் தட்டோடு சுற்றி நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். பொறி பறந்தபோது கை தட்டினார்கள். எங்களைக் கண்டு பாதையை விட்டு இறங்கிப் போனாளே, அந்தத் தாயின் பிள்ளையும் அதில் இருந்தது. கிட்டே வந்து, "நான் மிதிக்கட்டுமா?" என்று கேட்டது. மருமகள் அதன் காலை அளந்து பார்த்துவிட்டு, எட்டாது, அடுத்த வருஷம் வா என்றாள்.

கல் சூடேறாமல் இருக்கத் தண்ணீர் தெளிக்க வேண்டும். குழாய் மைதானத்துக்கு அந்தக் கோடியில் இருந்தது.

"அக்கா, கொஞ்சம் தண்ணி கொண்டுவாங்க" என்றாள்.

கேன்டீன் அம்மா கொண்டுவந்தாள். ஒரு கத்தி முடிந்தது.

"தீர்ந்துபோச்சுக்கா."

மறுபடியும் போனாள். வெயிலில் மைதானம் பளபளத்தது. அடுத்த கத்தி. மறுபடியும் தண்ணீர். மூட்டை காலியாகிறவரை அந்த அம்மா வாளியும் கையுமாகக் குழாய்க்கும் கல்லுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "கல்லுக்கு அவ்வளவு தண்ணியாடி வேணும்?"

"ஒரு டம்ளர் போதும் அத்தை" என்றாள், தட்டை இழுத்து வைத்துக்கொண்டு.